மல்லாட்டை அறை

என் வீட்டுக்காரர் கொத்தனாருக்கோ தச்சனுக்கோ ஒரு நாள்கூடக் கூலி கொடுத்ததில்லை. செஞ்சியில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடும் வேலை அவருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால், எதையாவது இடிக்கவோ கட்டவோ ஆரம்பித்துவிடுவார். அது யுத்த காலம். கடையில் ஆணி கிடைக்காது, சிமென்ட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. மற்றவர்களுக்கு அது கஷ்டம். அவருக்கு அது சவுகரியம். செலவு செய்யவில்லை என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாதல்லவா.

கள்ளிப்பெட்டிப் பலகையில் அலமாரி செய்தார். கிருஷ்ணாயில் டின்னை வெட்டித் தட்டி அடுப்படி ஜன்னலுக்குக் கதவு போட்டார். கோட்டைப் பக்கம் இடிந்து கிடக்கும் சுவர்களிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் செங்கல் பெயர்த்து வருவார். மெல்லிசாக இருக்கும், ஆனால் இரும்பு மாதிரி. அதில் தண்ணித் தொட்டி கட்டினார், அடுப்பு மேடை கட்டினார். தெருப் பெண்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "உனக்கு இன்னாம்மா கொறச்சல், வூட்டுக்காரருக்குத் தங்கமான கை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

வளைந்த பழைய ஆணிகளைக் கல்லின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. மண் மிதிப்பது, வைக்கோல் நறுக்கிப் போடுவது, செங்கல் எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். ஒரு தடவை அந்த டின் கதவைச் சாத்தும்போது அதன் விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. சேலையெல்லாம் ரத்தம். நான் கத்தியதைக் கேட்டு ஓடி வந்தவர், முதலில் கதவைத்தான் தொட்டுப் பார்த்தார்.

"வளைஞ்சிடலியே?" என்றார்.

வீட்டில் எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். அடுப்படி அவர் கையில். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை, அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. என் மேல் இருப்பதைவிட அத்தை இடுப்பில்தான் அதிகம் இருக்கும்.

எனக்கு இருமல் வந்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. மண் மிதித்து மிதித்துச் சளி பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலையில் கிணற்றடியில் துப்பியபோது சிவப்பாக வந்தது. அண்ணி பார்த்துவிட்டார். தம்பியிடம் போய்ச் சொன்னார். அவர் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார். உள்ளே அவரோடு ஏதோ பேசினார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கண் எதையோ அளந்துகொண்டிருந்தது. சுவர் கட்டுவதற்கு முன்னால் அவருக்கு வரும் பார்வை அது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. கபம். மருந்து குடுத்துக்கீறாரு."

மறுநாளே கோட்டைப் பக்கம் போய்ச் செங்கல் கொண்டுவர ஆரம்பித்தார். பின்பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாசல், அவ்வளவுதான். அந்த வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் புதிதாக ஒரு வாசல் திறக்கப்போவதாகச் சொன்னார்.

"எதுக்கு?"

"மல்லாட்டை மூட்டை போட்டு வெக்கலாம். வெல ஏறுனப்புறம் விக்கலாம். வூட்டுக்குள்ள வாசல் இருந்தா எலி உள்ள வரும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மண் கரைத்தேன். வைக்கோல் நறுக்கினேன். காலால் மிதித்தேன். நடுவில் இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் கரண்டியைக் கையில் வைத்தபடி இருமல் நிற்கும்வரை காத்திருப்பார். ஒரு தடவைகூட உட்காரச் சொல்லவில்லை. "மண்ணு காயுது" என்று மட்டும் சொல்வார். அண்ணி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சுவர் இடுப்பு உயரம் வந்ததும் நடுவில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை விட்டார். அதற்கு டின் தகட்டில் ஒரு மூடி செய்தார். நகர்த்தித் திறந்து நகர்த்தி மூடலாம்.

"மூட்டை போடற அறைக்கு ஓட்டை எதுக்குங்க?"

"காத்துக்கு."

மூடியின் பிடி வீட்டுப் பக்கம்தான் இருந்தது. அதை நான் கவனித்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

சுவருக்கு வெள்ளையும் நான்தான் அடித்தேன். அது காய்ந்த அன்றைக்குச் சாயங்காலம் அவர் என் பாயையும், ஒரு தண்ணிப் பானையையும், தகரத் தட்டையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். எல்லாவற்றையும் அறைக்குள் வைத்தார். பாயைக்கூட ஒழுங்காக விரித்தார். பிறகு வெளியே வந்து, "உள்ள போ" என்றார்.

நான் சிரித்தேன். விளையாட்டு என்று நினைத்தேன். அவர் விளையாடுகிற ஆள் இல்லை என்பது அந்த நேரத்துக்கு மறந்துபோயிற்று.

"உனக்கு சயரோகம். டாக்டர் தனியா வெக்கச் சொல்லிட்டாரு. கொழந்த இருக்கற வூடு."

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா மண்ணு மிதிச்சிருப்பியா?"

உள்ளே போனேன். அவர் கதவைச் சாத்தி வெளிச் சங்கிலியை மாட்டினார்.

அவர் என்னைத் தனியாக வைத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த வியாதிக்கு அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் டாக்டர் காற்றோட்டமான இடம் என்று சொல்லியிருக்கிறார். பாலும் முட்டையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது. தனியாக என்ற ஒரு சொல்தான் அவர் காதில் ஏறியிருக்கிறது. அதைத்தான் செங்கலும் மண்ணும் வைத்துச் செலவில்லாமல் கட்ட முடியும்.

காலையில் சங்கிலி திறக்கும். தோட்டத்துக்குப் போய் வருவேன். மறுபடி பூட்டு. சாப்பாட்டு நேரத்துக்கு டின் மூடி கிரீச்சென்று நகரும். அண்ணியின் கை தெரியும். கஞ்சியைத் தட்டில் ஊற்றும். மூடி மூடிக்கொள்ளும். கைக்குப் பின்னால் முகம் தெரியாது. "கொழந்த இன்னா பண்ணுது அண்ணி?" என்று கேட்பேன். சில நாள் "தூங்குது" என்று பதில் வரும். சில நாள் எதுவும் வராது.

ஒரு நாள் மண்டி முதலாளி வீட்டைப் பார்க்க வந்தார். அவர் குரல் பெரிசு, சுவருக்கு இந்தப் பக்கமே நன்றாகக் கேட்கும். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். தொட்டி, அலமாரி, அடுப்பு மேடை. கடைசியாக இந்தச் சுவர்.

"ஒரு விரிசல் பாருங்க மொதலாளி. இருக்குதா?"

உள்ளங்கையால் சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பக்கம் இன்னா?"

"சாமானுங்க."

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. முதலாளி, "இன்னாய்யா, சாமான் இருமுது!" என்றார். சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதற்கு முன்னால் எப்போது என்று நினைவில்லை. அடுத்த இருமல் வந்தபோது முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். எதற்காக அடைத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. குழந்தை என்னைக் கேட்டு அழுதிருக்கிறது. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் இருமுவது யார் என்று கேட்டிருக்கிறது. அதற்கு அவர் ஒரு பதில் கண்டுபிடித்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரம் இல்லாத நேரத்தில் டின் மூடி மெதுவாக நகர்ந்தது. ஓட்டையில் என் குழந்தையின் கண் தெரிந்தது. நான் தவழ்ந்துகொண்டே பக்கத்தில் போனேன். கிட்டே போகக்கூடாது என்று நினைவு வந்து பாதியில் நின்றேன். இருட்டில் என் முடியும் முகமும் எப்படி இருந்ததோ.

"கண்ணு" என்றேன்.

"நைனா! பூச்சாண்டி என்னக் கூப்புடுது!" என்று அலறிக்கொண்டு ஓடிவிட்டது.

அதன் பிறகு அந்தப் பக்கமே குழந்தை வரவில்லை. "பூச்சாண்டிகிட்ட வுட்ருவேன்" என்று சொல்லித்தான் அதற்குச் சோறு ஊட்டினார்கள். எனக்குக் கேட்கும்.

என்னைக் காப்பாற்றியது அண்ணிதான். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தொண்டூரில் என் தம்பி பயிர் செய்துகொண்டிருந்தான். அந்தப் பக்கம் போகிற வண்டிக்காரன் ஒருவனிடம் அண்ணி சொல்லி அனுப்பினார். இரக்கப்பட்டு அல்ல. அதை என் தம்பியிடம் அவரே வாயால் சொன்னார்.

தம்பி மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஓட்டிக்கொண்டு வந்தான். சங்கிலியை அவனே எடுத்தான். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்துபோய் அவரைக் கேட்டான்.

"மாமா, எங்கக்காவ இப்பிடியா போட்டு வெச்சிருப்பீங்க?"

"இன்னாய்யா கொறச்சல்? ஒழுவுதா? சுவரு ஊறுதா? நல்லாப் பாரு."

அண்ணி குறுக்கே வந்தார். "கூட்டினு போய்டு தம்பி. அவ இங்க செத்தான்னா அப்புறம் அந்த அறைய ஒருத்தரும் வாடகைக்குக் கூடக் கேக்கமாட்டாங்க. அதுக்குத்தான் சொல்லி அனுப்பிச்சேன்."

தம்பி என்னைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்தான். பாயைச் சுருட்டி என் தலைக்கு வைத்தான். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். என்னிடம் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பானையைக் காட்டி, "அது இங்க இருக்கட்டும்" என்றார்.

தொண்டூரில் தம்பி எனக்கு வயலோரம் ஒரு பந்தல் போட்டான். நாலு கம்பு, மேலே பனை ஓலை. அவனுக்குக் கைவேலை வராது. ஒரு கம்பு சாய்ந்தே நின்றது, மழை பெய்தால் ஒழுகும். நாலு பக்கமும் காற்று வந்தது. அவன் மனைவி ஆட்டுப்பாலும் முட்டையும் கொண்டுவந்து கொஞ்சம் தள்ளி வைப்பாள். வைத்துவிட்டு எட்ட உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் பேசுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பந்தலிலேயே நான் செத்துவிடுவேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எப்படியோ பிழைத்தேன். திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, இனிப் பயமில்லை என்று சொன்னார்கள்.

அன்றைக்கே செஞ்சிக்கு வண்டி கட்டச் சொன்னேன். புருஷனுக்காக அல்ல, குழந்தைக்காக.

அவர் கூரையின் மேல் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "பொழச்சிட்டியா" என்றார். கேள்வியா, கணக்கா என்று தெரியாத குரல். பின் அறையை ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். உள்ளேயிருந்து மெஷின் ஓடும் சத்தம் வந்தது.

குழந்தை வளர்ந்திருந்தது. அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தது.

"நான் உங்கம்மா" என்றேன்.

"எங்கம்மா செத்துப்போச்சு. பூச்சாண்டி சாப்டுட்டான்" என்றது. அழாமல், பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். குழந்தையைக் கொடுக்கமாட்டார், ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று தம்பியும் நானும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருந்தோம். அவர், "கூட்டினு போறதுன்னா போ. பொட்டப் புள்ளதான" என்றார். மறுபடி ஏணியில் ஏறிவிட்டார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் அண்ணியின் முகம் மாறி நான் பார்த்தேன். குழந்தையின் தலையைத் தடவினார். தடவிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குழந்தை வண்டியில் கத்திய கத்தலுக்குச் சாலையில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். என் மணிக்கட்டைக் கடித்தது. நான் கையை எடுக்கவில்லை. தொண்டூரில் தம்பி மனைவியிடம்தான் ஒட்டிக்கொண்டது. அவளிடம் சாப்பிடும், அவள் பக்கத்தில் தூங்கும். என்னிடம் பேசும்போது வெளியாளிடம் பேசுவது மாதிரி "வாங்க, போங்க" என்று மரியாதை கொடுக்கும். யாரோ சொல்லிக் கொடுத்ததல்ல, அதுவாகவே. நான் அந்த மரியாதையை மழைக்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், வெயிலில் விளையாடியதற்காக அதன் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டு வந்தேன். திமிறிக்கொண்டு, முகம் சிவக்க, "போடி!" என்று கத்தியது. தம்பி அடிக்கக் கை ஓங்கினான். நான் குறுக்கே நின்று அவனைத் தடுத்தேன். அன்றைக்கு இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.