மூன்றாவது அட்டை

நேர்மையான ஒருவர்மீது நான் பொய்ப்பழி சுமத்தினேன். தெரிந்தே சுமத்தினேன்!

அவரைச் சேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலைய நூலகத்துக்கு நான் தலைவன். அவர் எனக்கு அடுத்தவர். இருவரும் மாட்டுங்காவாசிகள். ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவரைத் தவிர எனக்கு நண்பரென்று எவரும் இருந்ததில்லை.

அறிக்கைக் குவியலிலிருந்து வேண்டிய பத்தியைத் தேடியெடுக்க நான் ஒரு பகுப்பு முறை வகுத்திருந்தேன். அதன் உயர்வை நிறுவ, வெறும் சொற்களைக் கொண்டு தேடும் எளிய முறையோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அம்முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பத்தி எண்கள் அச்சிட்ட ஓர் அட்டை உண்டு. அச்சொல் வரும் பத்திகளின் எண்கள்மேல் துளைகள் இருக்கும். கேள்வியில் மூன்று சொற்கள் என்றால் மூன்று அட்டைகளையும் அடுக்கி ஜன்னலுக்கு நேரே பிடிக்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் எண்ணே விடை.

வெளிச்சம் வராவிட்டால்? ஓர் அட்டையை உருவிவிட்டு மறுபடி பார்க்கலாம். எவருக்கும் தோன்றும் காரியம். எனக்கும் தோன்றியது. மூன்றாவது அட்டையை உருவினேன்... வெளிச்சம் வந்தது! சோதனைக்கென்று முன்பே எழுதி வைத்திருந்த விடைப் பட்டியலில் உள்ள அதே பத்தி.

இப்படியே போனால் என் முறைக்கு என்ன பெருமை மிஞ்சும்? அட்டையைத் திரும்பச் செருகினேன். 'கிடைக்கவில்லை' என்று குறித்தேன். மற்றக் கேள்விகளுக்கும் அப்படியே.

இதழில் வெளியான என் ஒப்பீட்டுக் கட்டுரைக்கு மாலை மரியாதையெல்லாம் கிடைத்தன. என்மீது கொண்ட மதிப்பினால் சேஷன் அந்தச் சோதனையைத் தாமாகவே திரும்பச் செய்தார். எளிய முறை என் முறைக்குச் சமமாக நின்றது.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த அட்டைக்கெல்லாம் ஓட்டை போட்டது யாரு சார், டிக்கெட் செக்கரா? ஒண்ணை எடுத்தாப் போறும், பொலபொலன்னு வெளிச்சம்! நீங்க எடுத்துப் பாக்கலையா?"

"இல்லை."

"தோணாம விட்டுப் போயிருக்கும். அடுத்த இதழ்ல நீங்களே ஒரு வரி திருத்தம் போட்டுடுங்கோ. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை."

அந்தப் பெருந்தன்மையை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே நிலைய இயக்குநரிடம் முந்திக்கொண்டேன். விடைகளை முன்கூட்டியே பார்த்துவிட்டு, அவற்றுக்கேற்பச் சேஷன் அட்டைகளை உருவியிருக்கிறார் என்றேன்.

அவரை அழைத்து விசாரித்தார்கள். அவர் இயக்குநரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீங்களா சார் சொன்னேள்?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். அதன்பின் நான் ஏறும் பஸ்ஸில் அவர் ஏறுவதில்லை. விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பார். என் பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஒருவரோடும் எனக்குப் பேச்சு வரவில்லை. அவரோ என்னைப் பற்றி எவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை... ஏன்? மரியாதையா? அருவருப்பா? கேட்க எனக்கு வாயில்லை.

ஓய்வு பெற்ற அன்று தனியே அந்த மூன்று அட்டைகளையும் ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். இருட்டு. ஒன்றை உருவினேன். அதே வெளிச்சம்! பார்க்க வேண்டியவர் இரண்டு கட்டடம் தள்ளிச் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. மூன்றையும் ஒன்றாக்கிப் பெட்டியில் வைத்தேன்.

மாட்டுங்கா கடைத்தெருவில் இன்றும் எனக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். அந்த மரியாதையை இழக்க மனம் வராமல், நீங்கள் படிக்கும் இந்தத் தாளிலும் என் பெயரை எழுதவில்லை. அவர் பெயரையாவது எழுதியிருந்தால் அவர்மேல் விழுந்த பழி நீங்கியிருக்கும்!

எழுதினால் என்னைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்... அதனால்தான் சேஷன் என்றேன்.