யானை மூஞ்சூற்றின் பின்னங்கால்

மிருகக்காட்சிசாலையில் சின்ன விலங்குகளைப் பார்த்துக்கொள்கிறவளிடம் அவை எப்படி வாழ்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்றுதான் கேட்பார்கள். வந்த நாட்டில் கிடைத்த வேலையைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவள், தொண்ணூறுகளின் நடுவில் கணவரோடு டெக்சாஸ் இர்விங்குக்கு வந்தேன். க்ரீன் கார்டு கிடைத்ததும் இந்த வேலையில் சேர்ந்தேன். கூண்டு கழுவ வேண்டும், தீனி வைக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும்.

மூக்கு

யானை மூஞ்சூறு யானையும் இல்லை, மூஞ்சூறும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும். மணல் நிற ரோமம், பெரிய கறுப்புக் கண், எலி வால். மூக்குதான் விசேஷம். தும்பிக்கை மாதிரி நீண்டு எந்தப் பக்கமும் வளையும். சருகைக் கிளறிப் பூச்சி தேடிக்கொண்டே இருக்கும்.

எங்களிடம் ஒரு ஜோடி இருந்தது. ஒரு சனிக்கிழமை ஆலன் என்ற ஊரிலிருந்து தெரிந்த தமிழ்க் குடும்பம் வந்தது. கண்ணாடி வழியே எல்லாவற்றையும் காட்டினேன். அவர்களுடைய பெண் இங்கிலீஷில் ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா மட்டும் என் ரப்பர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "எம்.எஸ்ஸி. படிச்சுட்டு இதைப் போய் க்ளீன் பண்றீங்களே, வீட்ல ஒண்ணும் சொல்றதில்லையா?" என்றார்.

எடை

தினம் காலையில் தராசின் மேல் சின்னப் பெட்டியை வைத்து ஒரு புழுவைப் போட்டால் அதுவே வந்து ஏறும். ஜோடியில் பெண் வழக்கமாக நாற்பத்தைந்து கிராம். ஒரே வாரத்தில் ஐந்து கிராம் கூடிவிட்டது. எனக்கு மேலே இருந்த லிண்டா இருபது வருஷ அனுபவக்காரர். கொழுப்புதான், தீனியைக் குறை என்று சொல்லி ஏட்டிலும் எழுதிவிட்டார்.

நான் சேர்ந்து மூன்று மாசம்தான். எதிர்த்துப் பேசப் பயம். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கொழுத்தால் கழுத்தும் பருக்கும், இதற்கு வயிறு மட்டும்தான் பிதுங்கியிருக்கிறது, காம்புகளும் சிவந்திருக்கின்றன என்றேன். லிண்டா குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஏட்டில் எழுதியதை அடித்தார். "நீ வாயைத் திறக்கலைன்னா வயித்துப்பிள்ளைக்காரியைப் பட்டினி போட்டிருப்பேன்" என்றார்.

கால்

முன்னங்கால் குட்டை, பின்னங்கால் நீளம், குச்சி மாதிரி மெலிசு. ஓடினால் சருகு அசைவதுதான் தெரியும்.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை, நல்ல கூட்டம். ஒளிந்திருந்ததை வெளியே வரவைக்க ஒருவர் கண்ணாடியைக் கையால் அடித்தார். பெண் மூஞ்சூறு எகிறிப் பாய்ந்து எதிர்க் கண்ணாடியில் மோதியது. உள்ளே போய் எடுத்தபோது வலது பின்னங்கால் தொங்கிக்கொண்டிருந்தது. எலும்பு தீக்குச்சியைவிட மெலிசு. கட்டுப் போட்டால் கட்டே பாரம். மயக்க மருந்து வயிற்றிலிருப்பதற்கு ஆகாது. அமைதியான பெட்டியில் விட்டுப் பார்க்கலாம், வேறு வழியில்லை என்றார் டாக்டர்.

திரும்பி வந்தால் அந்த மனிதர் போகாமல் நின்றிருந்தார். நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். "என் பொண்ணு ரொம்ப நேரமா காத்திருந்தா, மெதுவாத்தான் தட்டினேன்" என்றார்.

கண்

எலிக்குட்டி மாதிரி இவை கண் மூடி, ரோமமில்லாமல் பிறப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பெட்டியைத் திறந்தேன். இரண்டு குட்டிகள். முழு ரோமம், திறந்த கண். ஒன்று தாயை ஒட்டி நின்று என்னைப் பார்த்தது. இன்னொன்றுக்கும் கண் திறந்துதான் இருந்தது, அசைவில்லை.

இறந்ததை அளந்து பதிய வேண்டும் என்பது விதி. மூக்கு, வால், பின்பாதம், காது. கல்லூரியில் எத்தனையோ அளந்திருக்கிறேன்; அன்றைக்கு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தேன். நான் சொல்லச் சொல்ல லிண்டா எழுதினார். காதுக்கு வந்ததும் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "மிச்சத்தை நீ எழுது, எனக்குக் கோடு தெரியல" என்றார்.

தாய் பிழைத்தது. கால் கோணலாகத்தான் கூடியது. கடைசிவரை சாய்ந்தே ஓடியது, குட்டி முன்னால் ஓடும்.

கைப்பிடி அளவுகூட இல்லாத ஜீவன்களை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டதில், யானையைக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு வருகிற முதுகுவலிதான் எனக்கும் வந்தது.