உப்பு மருந்தும் கோப்பியும்

விழுவது எனக்குத் தெரியாது. எழும்பிய பிறகு, சுற்றி நிற்பவர்களின் முகங்களைப் பார்த்துத்தான் விழுந்திருக்கிறேன் என்று அறிந்துகொள்வேன். முதல் தடவை நான் அப்படிப் பார்த்தவை முழுக்கச் சின்ன முகங்கள். மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எழுத வெண்கட்டியை எடுத்தது வரை நினைவிருக்கிறது. பிறகு நினைவிருப்பது, சுவரோடு ஒட்டி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளும், வலிப்புக்கென்று என் கைக்குள் யாரோ திணித்து வைத்திருந்த கதவின் இரும்புத் திறப்பும். நாக்கு கடிபட்டிருந்தது. சேலை நனைந்திருந்தது. ஒரு பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

பெரிய கன்னியாஸ்திரி என்னை ஏசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"வீட்டில இருந்து சுகப்படும், பிள்ளை. சுகம் வந்தாப்பிறகு வாரும்."

சுகம் வரவில்லை. நானும் திரும்பிப் போகவில்லை.

தாய் தகப்பன் இல்லாத எனக்குக் கீரி என்ற கடற்கரை ஊரில் இருந்த அண்ணன் வீடுதான் வீடு. அண்ணன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தார். துரைமாருக்குப் பயந்து, நேரத்துக்குப் பயந்து, சைக்கிளில் போய் வருகிற மனிதர். அவர் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு போத்தல் மருந்து தந்தார்கள். தண்ணீரைப் போலிருக்கும், குடித்தால் உப்புக் கரிக்கும். சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள், அப்போதுதான் மருந்து பிடிக்குமாம். சோறும் மீனும் உப்பில்லாமல் தின்று, உப்பு மருந்தைக் குடித்தேன்.

மருந்து வலிப்பைக் கொஞ்சம் குறைத்தது. என்னையும் குறைத்தது. எப்போதும் நித்திரை. கண் திறந்திருக்கும்போதும் நித்திரை. முகமெல்லாம் பருக்கள் எழும்பின. பேசத் தொடங்கிய வசனத்தின் நடுவில் சொல் காணாமல் போய்விடும். ஒருநாள் தேங்காய் திருவுகிற திருவலையைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் குசினியில் நின்றேன். வலிப்பு வந்த நாளில்கூட எனக்கு அந்த அளவுக்குப் பயம் வந்ததில்லை.

அண்ணன் மனைவியை நான் மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். ஓலைத்தொடுவாயில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். அவளுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். என்னைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் என் வாய் நுரையைக் கண்டு எட்டி நிற்பார்கள். மச்சாள் என்னைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, முடியும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாளாம். நான் கண் விழித்ததும் முதலில் காண்பது அவளுடைய மூக்குத்தியைத்தான்.

"வந்திட்டீரோ? எங்க போய் வாறீர்?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

பின்னேரத்தில் அவள் கோப்பி போடுவாள். கொட்டையை மல்லியோடு சேர்த்து வறுத்து, உரலில் இடித்து வைத்திருப்பாள். அதைக் கட்டியாகக் காய்ச்சி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இருவரும் குடிப்போம். முதல் மிடறுகள் இறங்கியதும் என் தலைக்குள் யாரோ யன்னலைத் திறந்துவிட்டது போலிருக்கும். தொலைந்த சொற்கள் திரும்பி வரும். வெயில் பனைகளுக்குக் கீழே இறங்கும்வரை நான் நானாக இருப்பேன். அந்த நேரத்தில்தான் மச்சாளுக்கு எழுத்துப் படிப்பித்தேன். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. செபப் புத்தகத்தை விரித்து, அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த செபத்தில் விரலை வைத்து, இந்த எழுத்து இது என்று காட்டுவேன். வாயில் ஓடுகிற செபம் காகிதத்தில் அசையாமல் கிடப்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே ஆச்சரியம். அவள் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த நாட்களில்தான் நான் கிணற்றடியில் விழுந்தேன். துலாக்கயிற்றைப் பிடித்தபடியே விழுந்ததால் கிணற்றுக்குள் போகவில்லை என்று பிறகு சொன்னார்கள். நெற்றி கிழிந்து எலும்பு தெரிந்தது. அண்ணன் பயந்துபோய் நானாட்டான் பக்கத்திலிருந்து ஒரு பரியாரியாரை வண்டி வைத்துக் கூட்டி வந்தார். பரியாரியார் நாடி பார்த்தார். என்ன தின்கிறேன், என்ன குடிக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கோப்பி குடிக்கிறவவோ?"

"ஓம், பின்னேரத்தில," என்றாள் மச்சாள்.

"அதுதான். அந்தச் சூடுதான் தலைக்கு ஏறுது. கோப்பியை அடியோட நிப்பாட்டுங்கோ, வலிப்பு தன்ர பாட்டில நிக்கும்."

அண்ணனின் முகம் அப்போது மாறியதை இப்போதும் காண்கிறேன். இவ்வளவு காலமும் காரணம் தெரியாமல் தவித்தவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அன்றைக்கே வறுத்த தூளையும் வறுக்காத கொட்டையையும் அயல் வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னார். எனக்கு மட்டும் விலக்கினால் மனம் நோகும் என்று தானும் குடிப்பதை விட்டார். கச்சேரியில் எல்லோரும் குடிக்கும்போது அவர் வெறுந்தண்ணீர் குடித்தார். அவருக்குக் கோப்பி என்றால் உயிர். அந்த அன்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நிறுத்திய முதல் சில நாட்கள் தலையிடியில் சுவரில் முட்டிக்கொண்டேன். அது போனது. ஆனால் மூடிய யன்னல் மூடியபடியே கிடந்தது. மச்சாள் புத்தகத்தைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள். நான் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நித்திரையாகிவிடுவேன். அவள் கொஞ்ச நாள் காத்திருந்தாள். பிறகு புத்தகத்தைக் கொண்டு வரவில்லை.

வலிப்பும் நிற்கவில்லை. கோப்பியை விட்ட அந்த மாதம் முடியுமுன்பே, ஞாயிறு பூசையில், நற்கருணை நேரத்தில், எல்லோரும் முழந்தாளில் இருக்கும்போது விழுந்தேன். அண்ணன் என்னைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். வீட்டுக்கு வந்தபின் கேட்டார்.

"ஒளிச்சுக் குடிச்சனியோ?"

"இல்லை, அண்ணை."

"உண்மையைச் சொல்லு, தங்கச்சி. நான் ஏசமாட்டன்."

"மாதாவாணை, இல்லை."

மச்சாளும் சத்தியம் பண்ணினாள். அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. அன்றிலிருந்து கச்சேரியால் வந்ததும் குசினிக்குள் போய்க் கோப்பைகளை எடுத்து மணந்து பார்ப்பார். எனக்குத் தெரியக்கூடாது என்று மெதுவாகத்தான் செய்வார். நான் நித்திரை என்று நினைத்துக்கொள்வார். ஒவ்வொரு தடவை நான் விழும்போதும் அவருடைய கண்ணில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். வலிப்பு வருத்தம் என்னுடையது. அது வந்தால் குற்றமும் என்னுடையது. சில நாட்களில் உண்மையாகவே ஒளித்துக் குடித்திருக்கலாமே என்று நினைத்தேன். அப்படியென்றால் நிறுத்துவதற்கு என்னிடம் ஏதாவது மிச்சம் இருந்திருக்கும்.

நெடுங்காலம் பிள்ளையில்லாமலிருந்த மச்சாளுக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அயலிலுள்ளவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: பிள்ளையை அந்த வலிப்புக்காரியிடம் கொடுக்க வேண்டாம். மச்சாள் கேட்கவில்லை. என்னைப் பாயில் இருத்தி, சுவரோடு சாய்த்து, மடியில் பிள்ளையை வைப்பாள். அது என் விரலைப் பிடித்து இழுக்கும். நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டேன்.

ஒரு மத்தியானம் பிள்ளை பாயில் கிடந்தது. நான் பக்கத்தில் இருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓலை விசிறியின் காற்று மட்டும்தான் எனக்கு நினைவு.

கண் விழித்தபோது முகம் நிலத்தில் குப்புறக் கிடந்தது. மணல் வாய்க்குள் இருந்தது. யாரும் என்னைத் திருப்பியிருக்கவில்லை. எங்கோ பிள்ளை வீரிட்டு அழுகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். முற்றத்துக்கு அப்பால், பனையடியில், மச்சாள் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள். என் கை பிள்ளையின் மேல் விழுந்து அடித்திருந்ததாம். நெற்றியில் சிவந்த தடிப்பு, வேறொன்றுமில்லை.

"எழும்பிட்டீரோ, மச்சாள்?" என்று அங்கே நின்றே கேட்டாள்.

"ஓம்."

"அப்ப, அப்பிடியே இரும். அசையாதையும்."

அவள் உள்ளே வரவில்லை. அண்ணனின் சைக்கிள் மணி கேட்கும்வரை வெயிலில் பிள்ளையோடு நின்றாள். அவளுடைய முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்பும் நிறைய முகங்களில் கண்டிருக்கிறேன். அவளில் மட்டும் கண்டதில்லை.

அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. குறை சொல்ல முடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை அண்ணன் என் கட்டிலருகில் கதிரையைப் போட்டு இருந்தார்.

"நானாட்டான் மாமா வீட்டில கொஞ்ச நாள் இருந்து பாரன். அங்க கடலுமில்லை. பரியாரியாரும் கிட்ட."

"எவ்வளவு நாள்?"

"கொஞ்ச நாள்தான்."

மச்சாள் கதவுக்குப் பின்னால் நின்றதை நான் கண்டேன். "வேண்டாம், இஞ்சயே இருக்கட்டும்" என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் சேலைகளை மடித்து வைத்தாள். வண்டி ஏறும்போது கையைப் பிடித்தாள். "குளத்தடிக்குப் போகாதையும்," என்றாள்.

மாமா வீடு வயற்காரர் வீடு. நெல்லு மூட்டை அடுக்குகிற அறைக்குப் பக்கத்து அறையை எனக்குத் தந்தார்கள். அவர்கள் கெட்ட சனமில்லை. மூன்று வேளையும் சாப்பாடு வந்தது, மருந்து வந்தது. விடியற்காலையில் வயலுக்குப் போகுமுன் எல்லோரும் கோப்பி குடிப்பார்கள். மணம் அறைக்குள் வரும். எனக்குக் கொடுக்கக்கூடாது என்ற கட்டளை எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நெல் விதைத்தார்கள், வெட்டினார்கள், திரும்ப விதைத்தார்கள். கொஞ்ச நாள் என்பது எப்போது முடிந்ததென்று எனக்குத் தெரியாது. என் தலையில் முதல் நரை வந்ததைக்கூட மாமி சொல்லித்தான் அறிந்தேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு தமிழ் டொக்டர் வந்தார். உப்பு மருந்தை நிறுத்திவிட்டு, சின்ன வெள்ளைக் குளிசைகள் தந்தார். சில மாதங்களில் வலிப்பு வருவது அரிதாகிவிட்டது. நித்திரையும் முன்போல் அமுக்கவில்லை. ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"ஐயா, கோப்பியால இந்த வருத்தம் வருமோ?"

"ஆர் சொன்னது?"

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிலருக்குக் கூடாமல் இருக்கலாம். நித்திரையைக் குழப்பினால் வலிப்பு வரும். ஆனால் உமக்கு அதாலதான் வந்தது எண்டு நான் சொல்லமாட்டன். விட்ட பிறகும் வந்ததெல்லோ?"

"அப்ப எதால வந்தது, ஐயா?"

"தெரியாது, அம்மா," என்றார். அதுவரை எனக்கு யாரும் அந்தப் பதிலைச் சொன்னதில்லை.

அந்த முறை அண்ணன் பார்க்க வந்தபோது டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவருக்குக் கூன் விழத் தொடங்கியிருந்தது. நான் சொல்லி முடித்தபிறகும் அவர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி அவருக்கு முன்னால் வைத்த கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகும் அவர் குடிப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப ஏன் தங்கச்சி உனக்கு இது வந்தது?" என்று கேட்டார்.

"தெரியாதாம், அண்ணை."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினார். வரம்பு வரைக்கும் கூடப் போனேன். சுகமாகிவிட்டாய், வீட்டுக்கு வா என்று அவர் சொல்லவில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். வலிப்புக்காரி இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் வந்தது. அவர் ஏறினார். நான் திரும்பி நடந்து அறைக்குள் போய்ப் படுத்தேன்.