பூண்டு வாசம் அடித்த கல்

கண்ணாடிக் கடையில் லென்சு தேய்க்கும் அந்தப் பெண்மணிக்கு வயது நாற்பத்தொன்பது. வாரத்தில் ஆறு நாள் ஊரார் கண்ணுக்காகப் பாடுபட்டுவிட்டு, ஏழாம் நாள் பையும் சுத்தியலுமாகக் கல் பொறுக்கக் கிளம்பிவிடுவார். மூடிக் கிடந்த சுரங்கத்துக்கு வெளியே மலைபோல் கொட்டியிருந்த கழிவுக் கல்தான் அவருக்குச் சொர்க்கம். கடையில் எல்லோரும் 'கல்லக்கா' என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்.

வீட்டில் அலமாரி, ஜன்னல் விளிம்பு, டிவி மேல் என்று எங்கும் கல். பஸ் ஓட்டும் கணவர் ஒருநாள் சொன்னார்: "நாற்காலி மேலயும் வெச்சிட்டின்னா சொல்லிடு. நான் பஸ்லயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கறேன்." அதே வீட்டில் அவர்களோடு இருந்த கணவரின் தம்பி குழாய் வேலைக்காரர். எதையும் ஒரு தடவை திருகிப் பார்க்காமல் விடமாட்டார்.

இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, குவியலின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அங்கே இரண்டு கை முஷ்டி அளவில் ஒரு கட்டி கிடந்தது. கறுப்பு நிறம், திராட்சைக் கொத்துபோல் உருண்டை உருண்டையாகப் புடைத்திருந்தது. தூக்கினால் அளவுக்கு மீறிய கனம். சுத்தியலால் ஒரு போடு போட்டார். உள்ளே பளீரென்ற வெள்ளை. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பிரிந்தது. இப்படி ஒன்றைக் கல்லக்கா பார்த்ததே இல்லை. அன்றைக்கென்று பார்த்து அவருக்குச் சளிபிடித்து மூக்கு அடைத்திருந்தது. இல்லாவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

தெரியாத கல்லைக் கையுறை இல்லாமல் தொடுவதில்லை என்பது அவர் பழக்கம். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணி! இது வெள்ளி!"

"வெள்ளின்னா தட்டினா நசுங்கும் தம்பி. இது பொடிஞ்சு உதிருது."

"நீங்க சும்மா இருங்க. வெளியில தெரிஞ்சா ஆளுக்கொரு பங்கு கேப்பாங்கன்னு மறைக்கறீங்க."

மறுநாள் மாலை கடையிலிருந்து வந்து டப்பாவைப் பார்த்தார். பளீரென்றிருந்த கல்லின் உட்பக்கம் ஒரே நாளில் மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. ஓர் ஓரம் புதிதாக உடைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. கனிமப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தார். கனம், அடுக்கு, மங்குவது என்று ஒவ்வொன்றாகக் கழித்ததில் மூன்று பெயர்கள் மிஞ்சின.

அப்போது குளித்துவிட்டு வந்த கணவர் கூடத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"யாரு பூண்டு வறுக்கறது?"

"அடுப்பே பத்த வைக்கலையே. வீட்டில பூண்டும் இல்ல."

"அடிக்குதே! பால்கனிப் பக்கத்திலிருந்து வருது."

புத்தகத்தில் இரண்டாவது பெயருக்குக் கீழே அந்த வரி இருந்தது: தட்டினாலோ சூடாக்கினாலோ பூண்டு வாசம் வரும். கல்லக்கா புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினார். பால்கனியில் கொழுந்தன் ஓர் ஓட்டின்மேல் கட்டைவிரல் அளவு சில்லை வைத்து, வெள்ளிதானா என்று பார்க்க, குழாய் பற்றவைக்கும் சுடர்விளக்கால் சுட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைப் புகை சுருள் சுருளாக எழுந்தது.

"அணை தம்பி! மூச்சை அடக்கு! வா உள்ளே!"

சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவை அறைந்து சாத்தினார். மூவரும் செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார்கள். நல்லவேளை, காற்று தெருப்பக்கமாக வீசியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எந்தப் புகையைச் சுவாசிச்சாரு?"

"ஆர்செனிக், டாக்டர். பாஷாணம். எதோடயும் சேராம தனியாக் கிடைச்சது."

"அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"பாதி புத்தகம் சொல்லுச்சு. மீதி இவர் மூக்கு சொல்லுச்சு."

கொழுந்தனுக்குத் தலைவலியோடும் வாந்தியோடும் போயிற்று. இரண்டு நாள் படுக்கவைத்துப் பரிசோதித்துவிட்டு அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் கல்லக்கா வெளித் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். டப்பாவைப் பூட்டி வைக்காதது தன் தப்பு என்று கணவரிடம் சொல்லி அழுதார். "சுடச் சொன்னது நீயா?" என்று கேட்டார் அவர்.

கல்லக்கா சொல்லியனுப்பியதும், கல்லூரியிலிருந்து கனிமவியல் பேராசிரியை ஆட்களோடு வந்து பால்கனியை ஈரத்துணியால் துடைத்து, ஓட்டுத் துண்டையும் சாம்பலையும் மூடி எடுத்துப்போனார். கட்டியின் ஒரு துணுக்கைக் கருவியில் வைத்துப் பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது.

"நீங்க சொன்னது சரிங்க. ஆர்செனிக் பெரும்பாலும் இரும்போட, கந்தகத்தோட ஒட்டிக்கிட்டுத்தான் கிடைக்கும். இப்படித் தனியாக் கிடைக்கறது ரொம்ப அபூர்வம். இந்தச் சுரங்கத்தில இருக்குன்னு இதுவரைக்கும் யாருமே எழுதி வைக்கல."

முகமூடியும் கையுறையுமாகக் கல்லக்காவும் பேராசிரியையும் குவியலுக்குப் போய் இன்னும் ஏழு கட்டிகளை எடுத்தார்கள். வீடு கட்ட அங்கிருந்து கல் அள்ளுகிறார்கள் என்று கல்லக்கா சொன்னதால், மாத முடிவுக்குள் அந்தப் பக்கம் வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வந்தன.

முதல் கட்டியை என்ன செய்வது? "இந்த வீட்டில ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்," என்றார் கணவர்.

கல்லக்கா யோசித்தார்.

"அடிப்பாவி, இதுக்கு இவ்வளவு யோசனையா?"

விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத்தான் அதைக் கல்லூரி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே கண்டெடுத்தவர் என்று அவருடைய முழுப்பெயர் இருந்தது. கண்ணாடிக் கடையில் கூட வேலை செய்பவர்கள் அதைப் படித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்களாம்.

உடம்பு தேறிய கொழுந்தன் இப்போது பை தூக்கக் கூடவே வருகிறார். போன வாரம் ஆற்றங்கரையில் பத்தடி தள்ளி நின்று கத்தினார்:

"அண்ணி, இங்க ஒண்ணு சிவப்பாக் கிடக்கு. தொடலாமா?"

"அது செங்கல் தம்பி. தாராளமாத் தொடு."