பாதியாகிப் போன சிவப்பணுக்கள்

போன வருஷம் மழைக்காலத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்குக் காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மாலையில் ரிப்போர்ட் என் செல்போனுக்கு வந்தது. சிவப்பணுக்கள் நாற்பது லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் இருபது லட்சம்!

டாக்டரை மறுநாள் மதியம்தான் பார்க்க முடியும். படித்தவள் என்ற தைரியத்தில் இணையத்தில் தேடினேன். ஒவ்வொரு பக்கமும் முந்தியதைவிடப் பெரிய நோயாகச் சொன்னது. கணவரிடம்கூட வாய் திறக்காமல் பீட்ரூட், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று மகளின் தட்டில் குவித்தேன்.

“அம்மே, இன்னும் ஒரு துண்டு பீட்ரூட் வச்சா நான் போட் ஏறி வைப்பின் தீவுக்குப் போயிடுவேன், பார்த்துக்கோ” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் லேபிலிருந்து போன். மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வரச் சொன்னார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துவிட்டேன். ஆட்டோவில் அவள் கையை விடவே இல்லை.

லேபில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

“அய்யோ சேச்சி, எதுக்கு அழுறீங்க? மோளுக்கு ஹீமோகுளோபின் நல்லா இருக்கு. அது இருக்கிற சிவப்பணு மட்டும் எப்படிப் பாதியாகும்? கணக்கு சேரலை, அதான் கூப்பிட்டேன்.”

இந்த மாதிரிக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு, எடுத்த ரத்தம் குளிர்ந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். “ஒரு ஸ்கூட்டர்ல மூணு பேர் போறாங்க. வண்டியை மட்டும் எண்ணினா ஒண்ணுதானே? மெஷினுக்கு அவ்வளவுதான் புத்தி” என்றாள்.

புதிதாக ரத்தம் எடுத்து, குழாயை வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டு, பிறகு மெஷினில் போட்டாள். தாள் வெளியே வந்தது. நாற்பத்து மூன்று லட்சம்!

கவுண்டரைத் தாண்டி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “அம்மே, ஆளுங்க பார்க்கறாங்க, விடு” என்று மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மதியம் டாக்டரும் சிரித்தார். கொஞ்ச நாளில் இது தானாகவே சரியாகிவிடும் என்றார். அப்படியே ஆனது.

ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அழுத எனக்கு, அதற்கு மேல் வரியிலேயே இருந்த ஹீமோகுளோபின் என்ற நல்ல எண் கண்ணில் படவே இல்லை என்பதை நினைத்தால், இன்றும் வெட்கமாக இருக்கும். கூடவே சிரிப்பும் வந்துவிடும்.