மச்சாளின் வயலில் மயில்

திரையை இழுத்ததும் மண்டபம் முழுக்கக் கைதட்டியது. பொன்னாடை போர்த்தியிருந்த என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இது ஆற்ற படம்?" என்று கேட்டார். யாருடைய படம் என்று விளையாட்டாகக் கேட்கவில்லை. மேசைக்கு மேல் மேசை வைத்து ஏறி நின்று அந்தச் சுவரில் வரைந்தவர் அவர்தான். வரைந்து முடித்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. இப்போது அதில் ஒரு மயில் தோகை விரித்து நின்றது. பக்கத்தில் அருவி கொட்டியது. வன்னியில் எந்த மூலையில் அருவி இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மச்சாள் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவர். மிச்ச நேரமெல்லாம் வயலையும் குளத்தையும்தான் வரைவார். கலண்டரில் வருகிற வயல் அல்ல அது. ஆள் இருக்காது, மாடு இருக்காது, வீடும் தென்னையும் சூரியனும் இருக்காது. அரிவு வெட்டி முடிந்த வயலில் நிற்கும் அரிதாளின் மஞ்சள், அகலமாக ஒரு பட்டை; அதன்மேல் குளக்கட்டு, ஒரு கறுத்த கோடு; உச்சியில் விரல் அகலத்துக்கு வானம். அவ்வளவுதான். கிட்ட நின்றால் வெறும் நிறம். கொஞ்சம் தள்ளிப்போய் நின்றால் பங்குனி வெயில் கண்ணைக் கூசும். பூசிய மஞ்சளை அப்படியே சுரண்டி வழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பூசுவார். ஏன் இப்படி மினக்கெடுகிறீர்கள் என்று கேட்டால், "இன்னும் வெயில் வரேல்லை" என்பார்.

கொழும்பில் ஒரு முறை அவருடைய படங்களைக் கண்காட்சிக்கு வைத்தார்கள். வந்தவர்கள் சிவப்புப் பட்டையைக் காட்டி, இது இரத்தமா என்று கேட்டார்களாம். "கிரவல் ரோட்டுக்கு வேற என்ன நிறம் பூசுறது?" என்று வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் நின்று கத்தினார். ஊரில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே முடிந்த படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே, "எப்ப ரீச்சர் முடிப்பீங்கள்?" என்று கேட்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் ஒரு மனுசி எத்தனை வருடம்தான் வரைவது? அதனால்தான் ஊரின் புதிய பொது மண்டபத்தில் ஒரு சுவரைத் தருகிறோம் என்று சங்கத்தார் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "எங்கட சனம் தங்கட வயலை ஒருக்கா வடிவாய்ப் பார்த்தால் எனக்குக் காணும்" என்றார். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கெடுத்தவர் பிறத்தியார் யாருமில்லை, என் கணவர்தான். மண்டபச் சங்கத்துக்கு அவர் செயலாளர். கலியாணம் நடக்கப்போகிற இடத்தில் அறுத்துப்போட்ட வெறும் வயலா, அமங்கலம் என்று இரண்டு பேர் முணுமுணுத்திருக்கிறார்கள். அக்காவை ஆட்கள் நையாண்டி பண்ணப்போகிறார்கள் என்று இவருக்குப் பயம் பிடித்துவிட்டது. என்னிடம்கூட மூச்சுவிடாமல், கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிற ஓவியரைக் கூட்டிவந்து, அரிதாளைப் பச்சை நெல்லாக்கி, சூரியனை ஏற்றி, நிறைகுடம் வைத்து, மயிலையும் இறக்கிவிட்டார். கீழே அக்காவின் பெயரைப் பட்டத்தோடு கொட்டை எழுத்தில் எழுதுவித்தார். திரை போட்டு மூடி வைத்தது அக்காவைச் சந்தோஷத்தில் திகைக்க வைக்கவாம்! அன்பு வைத்தவர்கள் செய்கிற அழிச்சாட்டியத்தை யாரிடம் போய் முறையிடுவது?

மச்சாள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் இவர் அக்காவின் கதிரைக்கு முன்னால் நின்று, "சனத்துக்கு நல்லாப் பிடிச்சிருக்கக்கா. எல்லா இடமும் உங்கட கதைதான்" என்றார்.

"தம்பி, முள்ளிவாய்க்கால்ல பங்கருக்கு மேல என்ர படங்களைத்தானே போட்டனாங்கள்" என்றார் மச்சாள். "நான்தான் விரிச்சுத் தந்தனான். அப்பகூட ஒருத்தரும் அதில மயில் கீறேல்லை."

சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு போன படங்கள் அவை. எண்ணெய் வர்ணம் பூசிய துணி தண்ணீர் விடாது என்று சொல்லி, பதுங்குகுழிக்கு மேல் விரிக்கத் தானே எடுத்துத் தந்தார். திரும்பி வரும்போது ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றுவரை அதைப்பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

மறுநாள் என் கணவர் மயிலை அழிக்க வெள்ளைப் பூச்சு வாங்கிக்கொண்டு சங்கத்திடம் போனார். அவர்கள் விடவில்லை. மயிலுக்கு முன்னால் நின்று படம் எடுக்கலாம் என்றே மண்டபத்தைக் கலியாணங்களுக்குப் பதிந்திருக்கிறார்களாம். பொதுச்சொத்தில் கைவைக்கச் செயலாளருக்கும் உரிமை இல்லையாம். மயிலைக் கீறும்போது அந்தச் சட்டம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்டேன். இப்போதும் யார் வீட்டுக் கலியாண அல்பத்தைத் திறந்தாலும் அந்த மயில்தான் நிற்கிறது. "ரீச்சர் நல்லா முடிச்சுப்போட்டா" என்று என்னிடமே சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மச்சாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ர பேரை எடுத்துவிடு." சங்கம் அதற்கு மட்டும் சம்மதித்தது. ஓவியரைக் கூப்பிடாமல் இவரே தின்னரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். எழுத்து இலேசில் போகவில்லை. "பெருசா எழுது, பெருசா எழுது எண்டு நான்தானப்பா பக்கத்தில நிண்டு சொன்னனான்" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமலே. ஒவ்வொரு எழுத்தோடும் அடியிலிருந்த பச்சையும் சேர்ந்து கழன்றது. பெயர் இருந்த நீளத்துக்கு மச்சாளின் மஞ்சள் தெரிந்தது. இவர் துணியைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து மண்டபத்தின் நடுவில் போய் நின்றார்.

அடுத்த கிழமை சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். "செயலாளர், சுவரில கீழ ஒரு இடம் ஊத்தையாக் கிடக்கு. வாற கலியாணத்துக்கு முதல் பச்சை பூசிவிடுங்கோ" என்றார். இவர் மாட்டேன் என்றார். ஓவியர் வந்து பூசிவிட்டுப் போனார்.