மாமா திருடிய கடைசி அடி

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, கவரைப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே நாடகக் குழுவுக்குப் பாட்டும் எழுதுவார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. ஆகவே ஐந்தாம் வகுப்புக்காரியான நான்தான் நோட்டில் திருத்தமாக எழுதித் தர வேண்டும்.

படகோட்டி ஒருவன் மனைவியிடம் பாடும் பாட்டுக்கு முடிவு கிடைக்காமல் ஒரு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. யார் பாடுவது என்று என்னைக் கேட்டார். யாரும் பாடவில்லை. ரேடியோவும் ஓடவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "விளக்கு வைக்க வேணாண்டி, வீடு எனக்குத் தெரியுமடி."

மாமா அன்று சாப்பிடவில்லை.

திருவிழாவில் நாடகம் நடந்தது. மறு வாரம், அதைப் பார்த்திருந்த பழவேற்காட்டு மீனவப் பெண் ஒருத்தியை நாடகக் குழுத் தலைவர் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்தக் கடைசி அடி இவள் புருஷனுடையதாமே, திருடினாயா என்று மாமாவை அதட்டினார். அவளோ திருட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

"அத எனக்கு மட்டுந்தாண்ணே பாடிக் காட்டுனாரு. மறுநாள் கடலுக்குப் போனவரு, ரெண்டு வருசமா ஊட்டுக்கு வரல. நீ அவர எங்க பாத்தே?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நடந்ததைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஸ்டேஷன்ல பாத்தேம்மா, போன மாசம். பாடிக்கினே ரயில் ஏறினாரு. நாந்தான் கேட்டுட்டு எழுதிக்கினேன்."

அவள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. மாமாவைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். தலைவர் அன்றைக்கே அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். 'திருட்டுப் பாட்டுக்காரர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அவர் அதன்பின் எதுவும் எழுதவில்லை. அவளோ வாரம் தவறாமல் ஸ்டேஷனுக்கு வந்து, ஒவ்வொரு ரயில் பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மாமா ஸ்டேஷன் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டாரே என்ற கோபத்தில் நான் அவரோடு நெடுநாள் பேசவில்லை. அந்த மத்தியானம் தன் காதில் பாடியது யார் என்பது, அவள் பேசி முடித்தபோதே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதும், அதை அவளிடம் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை என்பதும் எனக்கு அப்போது எட்டவில்லை.